மதகுருவின் மகன் கேட்ட கேள்வி

மனோதத்துவ அறிஞர் கார்ல் யுங் வாழ்விலிருந்து சில சிந்தனைகள்

சுவிட்சர்லாந்தின் பாசல் நகரை அடுத்து, ரைன் நதிக்கரையில் ஒரு கிராமம். அங்கே கிறிஸ்தவ மதகுரு ஒருவரின் இல்லம். இன்னும் பள்ளி செல்லாத மகனுக்குத் தாய் ஒரு பழைய படப்புத்தகத்தை வாசித்துக் காட்டுகிறார். தூர தேசத்துச் சமயங்களைப் பற்றிய அந்தப் புத்தகத்தில் பிரம்மா, விஷ்ணு, சிவன் ஆகிய மும்மூர்த்திகளின் படங்கள் இருந்தன. சிறுவன் எத்தனை பக்கங்களைப் புரட்டினாலும் அந்தப் படங்களுக்கே திரும்பத் திரும்ப வந்துவிடுவானாம். தன் மனத்துக்குள் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த ஏதோ ஒன்றுக்கும் அந்த உருவங்களுக்கும் உறவு உண்டு என்று அவனுக்குத் தோன்றியது. அதையும் அவன் யாரிடமும் சொல்லவில்லை.

அந்தச் சிறுவன்தான் பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற மனநோய் மருத்துவர், டாக்டர் கார்ல் குஸ்தாவ் யுங். 1875-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் நாள் பிறந்து, 1961-ஆம் ஆண்டு ஜூன் 6-ஆம் நாள் மறைந்தவர். புராணங்களை அறியாமைக் காலத்துக் கற்பனைகள் என்று மேல்நாட்டுக் கல்விமான்கள் பலர் ஒதுக்கி வந்த நாளில், அவை மனித உள்ளம் தன்னைத் தானே வெளியிடும் மொழி என்று எடுத்துரைத்தவர். வேற்று நாட்டில் பிள்ளைகளை வளர்த்துக்கொண்டு, வாரம் தவறாமல் அவர்களைக் கோயிலுக்கும் அழைத்துச் செல்லும் பெற்றோர் சிந்திக்க வேண்டிய செய்தி ஒன்று அவருடைய வாழ்க்கையில் அடங்கியுள்ளது.

தந்தை கடந்து சென்ற பாடம்

யுங்கின் தந்தை பால் யுங் படித்த மனிதர். இளமையில் கீழ்த்திசை மொழிகளைக் கற்று ஆராய்ச்சிப் பட்டம் பெற்றவர். குடும்பமோ மதகுருக்கள் நிறைந்த குடும்பம். தாய்வழியில் ஆறு பேர், தந்தைவழியில் தந்தையோடு சேர்த்து மூவர் அப்பணியில் இருந்தார்கள். சமயத்துக்குக் குறைவில்லாத வீடு என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

கார்லுக்குப் பதினைந்து வயது அளவில், அவர்கள் சமய வழக்கப்படி தீட்சைக்கு முந்திய சமயபாட வகுப்பு நடந்தது. ஆசிரியர் அவனுடைய தந்தையே. பாடங்கள் பெரும்பாலும் அவனுக்குச் சலிப்பைத் தந்தன. ஒருநாள் புத்தகத்தை முன்னால் புரட்டிப் பார்த்தபோது, கடவுள் ஒருவராகவும் அதே சமயம் மூவராகவும் இருப்பதைப் பற்றிய பகுதி கண்ணில் பட்டது. ஒன்று எப்படி மூன்றாக முடியும்? அந்த முரண்பாடே அவனைக் கவர்ந்தது. அந்தப் பாடம் எப்போது வரும் என்று ஆவலோடு காத்திருந்தான்.

அந்த நாளும் வந்தது. ஆனால் தந்தை, இப்பகுதியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாம், இது தமக்கே விளங்கவில்லை என்று சொல்லிக் கடந்துவிட்டார். தந்தையின் நேர்மையை மகன் மதித்தான். எனினும் நெஞ்சில் ஏதோ ஒன்று உடைந்தது. அதன் பின் நடந்த தீட்சைச் சடங்கில் ஒரு பெரிய அனுபவத்தை எதிர்பார்த்துச் சென்றவனுக்கு ஒன்றுமே நிகழவில்லை.

பால் யுங் கெட்ட மனிதர் அல்லர். தம் கடமையை ஒருநாளும் தவறவிடாதவர். ஞாயிறுதோறும் பிரசங்கம் செய்தார். திருமணங்களையும் ஈமச்சடங்குகளையும் முறைப்படி நடத்திவைத்தார். ஆனால் உள்ளே நம்பிக்கை வற்றிக்கொண்டிருந்தது. அதை யாரிடமும் சொல்ல இயலாமல் வருந்தினார். மகன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த சில மாதங்களில், 1896-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அவர் காலமானார். அனுபவம் இல்லாத நம்பிக்கையை வாழ்நாள் முழுவதும் சுமந்ததே தந்தையின் துன்பம் என்று யுங் பிற்காலத்தில் எழுதினார். தந்தை விட்டுச் சென்ற கேள்விக்கு விடை தேடியதே யுங் அவர்களின் வாழ்க்கை எனலாம்.

செருப்புத் தைக்கும் கைகள்

பாசல் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்ற யுங், இறுதித் தேர்வுக்குப் படிக்கும்போதுதான் மனநோய் மருத்துவமே தம் வழி என்று உணர்ந்தார். அக்காலத்தில் அது மதிப்பற்ற துறை. மனநோய் விடுதியின் மருத்துவரும் நோயாளிகளோடு சேர்ந்து மதிலுக்குள் அடைபட்டுக் கிடப்பவர் என்றே மற்றவர்கள் கருதினார்கள். நண்பர்கள் வியந்தார்கள்; தடுத்தும் பார்த்தார்கள். யுங் 1900-ஆம் ஆண்டு டிசம்பரில் ஜூரிச் நகரின் பர்க்ஹோல்ஸ்லி மருத்துவமனையில் சேர்ந்தார்.

அங்கே எழுபத்தைந்து வயது மதிக்கத்தக்க மூதாட்டி ஒருவர் நாற்பது ஆண்டுகளாகப் படுக்கையில் கிடந்தார். பேச்சு இல்லை. கைகள் மட்டும் ஓயாமல் ஒரே விதமாக அசைந்துகொண்டிருக்கும். நோயின் அறிகுறி என்று குறித்துக்கொண்டு மருத்துவர்கள் போய்விடுவார்கள். அந்த அசைவுக்கு ஏதேனும் பொருள் இருக்குமோ என்று யுங் விசாரித்தார். முன்னெல்லாம் அது செருப்புத் தைப்பவர் நூலை இழுப்பது போலவே இருக்கும் என்று பழைய தாதி ஒருவர் சொன்னார். மூதாட்டி இறந்தபோது, அடக்கத்துக்கு வந்த அண்ணனிடம், தங்கைக்கு ஏன் மனம் பேதலித்தது என்று யுங் கேட்டார். செருப்புத் தைக்கும் ஒருவனை அவள் காதலித்தாள், அவன் மணக்க மறுத்துவிட்டான், அன்று முதல் இப்படி ஆகிவிட்டாள் என்றார் அண்ணன்.

நாற்பது ஆண்டுகளாக அந்தக் கைகள் ஒரு கதையைச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கின்றன. கேட்பதற்குத்தான் ஆள் இல்லை. ஒவ்வொரு நோயாளிக்கும் வெளியே சொல்லப்படாத கதை ஒன்று உண்டு, அதை அறியாமல் வைத்தியம் தொடங்குவதில்லை என்னும் கொள்கை இவ்வாறுதான் அவரிடம் வேரூன்றியது.

பிராய்டின் நட்பும் பிரிவும்

அக்காலத்தில் வியன்னா நகரில் டாக்டர் சிக்மண்ட் பிராய்டு, மனிதன் அறியாத ஆழ்மனம் ஒன்று அவனுக்குள் இயங்குகிறது என்றும், கனவுகள் அதன் வாயில்கள் என்றும் கூறிப் பெரும் புயலை எழுப்பியிருந்தார். 1907-ஆம் ஆண்டு மார்ச் மாதம் இருவரும் முதன்முதலாகச் சந்தித்தபோது பதின்மூன்று மணி நேரம் இடைவிடாமல் பேசினார்கள் என்பர். பிராய்டு யுங்கைத் தம் வாரிசாகவே கருதினார்.

ஆனால் கருத்து வேற்றுமை விரைவில் தலைதூக்கியது. 1909-ஆம் ஆண்டு யுங் ஒரு கனவு கண்டார். தமக்குச் சொந்தமான வீடு ஒன்று. மாடியில் நாகரிகமான கூடம். கீழ்த்தளம் பல நூற்றாண்டு பழமையானது. அதற்கும் கீழே ரோமானியர் காலத்து நிலவறை. அங்கே ஒரு கல்லைத் தூக்கிப் படி இறங்கினால், ஆதி மனிதனின் எலும்புகளும் உடைந்த மட்பாண்டங்களும் கிடக்கும் குகை. மனித உள்ளமும் இப்படித்தான் என்று யுங் கண்டார். ஒருவனுடைய சொந்த நினைவுகளுக்குக் கீழே, மனித குலம் முழுவதற்கும் பொதுவான ஓர் ஆழம் இருக்கிறது. தாய், வீரன், ஞானக்கிழவர், அசுரன் போன்ற மூல உருவங்கள் அங்கிருந்தே எழுகின்றன. ஒன்றையொன்று அறியாத நாடுகளின் புராணங்களில் ஒரே சாயல் காணப்படுவதற்குக் காரணம் இதுவே என்பது அவர் முடிவு. பிராய்டோ உள்ளத்தின் சிக்கல்களுக்குக் காம உணர்ச்சியையே மூல காரணமாகக் கொண்டார். சமயத்தை அவர் ஒரு மயக்கமாகவே பார்த்தார். 1913-ஆம் ஆண்டு நட்பு முறிந்தது.

சொந்த உள்ளத்துக்குள் பயணம்

யுங்குக்கு அப்போது வயது 38. புகழ், செல்வம், மனைவி மக்கள் எல்லாம் இருந்தன. புராணங்களைப் பற்றிப் பெரிய நூலும் எழுதி முடித்திருந்தார். அப்படியானால் நீ எந்தப் புராணத்தில் வாழ்கிறாய் என்ற கேள்வி அவருக்குள் எழுந்தது. தந்தையின் சமயத்தில் வாழ்கிறேன் என்று நேர்மையாகச் சொல்ல முடியவில்லை. வேறு எதையும் சொல்லவும் தெரியவில்லை.

பல்கலைக்கழகப் பதவியை விட்டார். ஏரிக்கரையில் உட்கார்ந்து சிறு பிள்ளையைப் போலக் கற்களை அடுக்கி வீடுகளும் ஆலயமும் கட்டி விளையாடினார். கனவுகளும் காட்சிகளும் வெள்ளம்போல் வந்தன. நிலை தடுமாறிவிடுவோமோ என்று அவரே அஞ்சினார். உணர்ச்சி மிகும்போது மனத்தை அடக்கச் சில யோகப் பயிற்சிகளைச் செய்ததாக எழுதியுள்ளார். அமைதி வந்ததும் பயிற்சியை நிறுத்திவிட்டு மீண்டும் அந்த ஆழத்தில் இறங்குவார். நோயாளிகளைப் பார்ப்பதையும் குடும்பப் பொறுப்பையும் மட்டும் அவர் கைவிடவில்லை. தம்மைக் காப்பாற்றியது அதுவே என்றார்.

அக்காட்சிகளில் மீன்கொத்தியின் இறகுகளோடு ஒரு முதியவர் தோன்றி அவருக்கு உபதேசித்தார். யுங் அவருக்குப் பிலேமோன் என்று பெயரிட்டார். இதை வெளியே சொன்னால் பைத்தியம் என்பார்களே என்ற தயக்கம் அவருக்கு நெடுநாள் இருந்தது. பதினைந்து ஆண்டுகளுக்குப் பின், காந்தியடிகளின் நண்பரான இந்தியப் பெரியவர் ஒருவர் அவரைக் காண வந்தார். குரு சீட உறவைப் பற்றிப் பேச்சு வந்தபோது, தங்கள் குரு யார் என்று யுங் கேட்டார். சங்கராச்சாரியார் என்றார் பெரியவர். பல நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஆதிசங்கரரையா சொல்கிறீர்கள் என்று யுங் வியந்தார். ஆம், அவரைத்தான்; உடலோடு இருக்கும் குருமாரும் உண்டு, உடலின்றி வழிகாட்டும் குருமாரும் உண்டு என்று அவர் இயல்பாகச் சொன்னாராம். தமக்கு நேர்ந்தது தமக்கு மட்டும் நேர்ந்ததன்று என்று யுங் ஆறுதல் அடைந்தார்.

இந்த அனுபவங்களை அழகிய எழுத்தும் வண்ண ஓவியங்களுமாகச் சிவப்புத் தோல் அட்டையிட்ட பெரிய புத்தகம் ஒன்றில் ஆண்டுக்கணக்காக எழுதிவந்தார். அவர் வாழ்நாளில் அது வெளியாகவில்லை. 2009-ஆம் ஆண்டில்தான் அச்சேறியது.

முதல் உலகப் போரின் முடிவில் ஒரு முகாமின் பொறுப்பில் இருந்தபோது, தினமும் காலையில் ஒரு வட்டச் சித்திரம் வரைவது அவருக்கு வழக்கமாயிற்று. அன்றைய மனநிலைக்கு ஏற்ப வட்டம் சீராக அமையும் அல்லது சிதையும். நடுப்புள்ளியை நோக்கியே உள்ளம் செல்கிறது என்பதை அவர் கண்டுகொண்டது இப்படித்தான். அச்சித்திரங்களுக்கு அவர் வழங்கிய பெயர் மண்டலம் என்னும் நம் சொல்லே. விடியற்காலையில் புள்ளி வைத்துக் கோலமிடும் இல்லங்களில் பிறந்தவர்களுக்கு இது விளங்காத பொருள் அன்று.

இந்தியாவில் கிடைத்த பாடம்

இந்திய ஞானத்தை யுங் ஆர்வத்தோடு பயின்றார். இந்தியவியல் அறிஞர் ஹைன்ரிச் சிம்மர் அவருடைய நண்பர். 1932-ஆம் ஆண்டு ஜூரிச்சில் குண்டலினி யோகம் பற்றிய தொடர் சொற்பொழிவுகளில் பங்கு கொண்டார். 1936-ஆம் ஆண்டு ராமகிருஷ்ண மடத்தின் பிரபுத்த பாரத இதழுக்கு ஒரு கட்டுரை எழுதினார். யோகம் மகத்தானது, ஆனால் மேல்நாட்டார் அதை மேலோட்டமாகப் பார்த்து நடிப்பதால் பயனில்லை, அவர்கள் தங்கள் மண்ணிலிருந்தே தங்களுக்கான வழியைக் காண வேண்டும் என்பது அதன் சாரம்.

1937-ஆம் ஆண்டின் இறுதியில், இந்திய விஞ்ஞான காங்கிரசின் வெள்ளிவிழாவை ஒட்டி அரசாங்க அழைப்பின் பேரில் அவர் இந்தியா வந்தார். சாஞ்சி ஸ்தூபி அவரை உருக்கியது. கோனார்க் கோயிலின் சிற்பங்களைப் பற்றிப் பண்டிதர்களோடு உரையாடினார். காசி, அலகாபாத், கல்கத்தாப் பல்கலைக்கழகங்கள் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டங்கள் வழங்கின. இத்தனைக்கும் நடுவே வயிற்றுக்கடுப்பு வந்து கல்கத்தா மருத்துவமனையில் பத்து நாள் படுத்துவிட்டார்.

குணமாகி வந்த பின் அவர் கண்ட கனவு இந்தியாவைப் பற்றியதாக இல்லை. ஐரோப்பியர் தங்கள் பழங்கதைகளில் புனிதமாகப் போற்றும் ஒரு பாத்திரத்தைத் தேடி, குளிர்ந்த கடலைத் தாம் தனியே நீந்திக் கடக்க வேண்டும் என்பதே கனவு. இந்தியா உன் வழியில் ஒரு படிதான், உன் மக்களின் நோய்க்கு மருந்தை உன் மக்களின் மரபிலேயே தேடு என்று தமக்கு உணர்த்தப்பட்டதாக அவர் கொண்டார்.

தென்னாட்டுக்கு வந்தும் அவர் திருவண்ணாமலைக்குச் சென்று பகவான் ரமண மகரிஷியைத் தரிசிக்கவில்லை. பிறர் கண்ட உண்மையை இரவல் பெறாமல் சொந்த உண்மையோடு நிற்க விரும்பியதே காரணம் என்று எழுதினார். ஊர் திரும்பியதும் மகரிஷியைப் பற்றி ஆவலோடு கேட்ட சிம்மருக்கு இது பெரும் ஏமாற்றம். ஆனால் திருவனந்தபுரத்தில் மகரிஷியின் சீடர் ஒருவரை யுங் சந்தித்திருந்தார். ஆரம்பப் பள்ளி ஆசிரியரைப் போன்ற எளிய தோற்றம். பெரிய குடும்பத்தைக் காப்பாற்றும் பொறுப்பு. அதன் நடுவிலேயே ஞானத்தையும் வாழ்ந்து காட்டிய அந்த மனிதரைச் சந்தித்ததற்கு நன்றி செலுத்துவதாக, 1944-ஆம் ஆண்டு, மறைந்த சிம்மரின் ரமணர் பற்றிய நூலுக்கு எழுதிய முன்னுரையில் யுங் குறிப்பிட்டார்.

உள்ளத்துக்குச் செய்யும் தொண்டு

முப்பத்தைந்து வயதைத் தாண்டித் தம்மிடம் வந்த நோயாளிகளின் துன்பத்துக்கு அடியில் வாழ்க்கைக்குப் பொருள் தரும் சமய நோக்கு ஒன்றை இழந்த வெறுமையே இருந்தது என்று யுங் கூறினார். சமய நோக்கு என்றதும் ஒரு குறிப்பிட்ட மதத்தில் சேருவதை அவர் குறிக்கவில்லை.

குடிப்பழக்கத்திலிருந்து மீள முடியாத அமெரிக்கர் ஒருவர் அவரிடம் வந்தார். சிகிச்சைக்குப் பின்னும் அவர் பழைய நிலைக்கே விழுந்தபோது, மருத்துவத்தால் இனி ஆவதில்லை, ஆழ்ந்த ஆன்மீக அனுபவம் ஒன்றே கைகொடுக்கும் என்று யுங் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். அந்தச் சொல் ஒருவர் வழி ஒருவராகப் பரவி, 1935-ஆம் ஆண்டு தோன்றிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கத்துக்கு ஒரு வித்தாயிற்று. மது மீதுள்ள தாகம் இறைவன் மீதுள்ள தாகத்தின் திரிந்த வடிவம் என்ற கருத்தை, தாம் மறையும் ஆண்டில் அவ்வியக்கத்தின் நிறுவனர் பில் வில்சனுக்கு எழுதிய கடிதத்தில் யுங் தெரிவித்தார்.

யுங் குறையற்றவர் அல்லர். 1930-களில் ஜெர்மனியைச் சார்ந்த மருத்துவச் சங்கம் ஒன்றின் தலைமையை ஏற்றதும், யூதர்களின் உள்ளப்பாங்கைப் பற்றி அப்போது எழுதியதும் இன்றளவும் கண்டிக்கப்படுகின்றன. மனைவி எம்மாவை அவருடைய வேறோர் உறவு வருத்தியது. உள்ளத்தின் இருளைப் பற்றி அவர் எழுதியபோது தம் இருளையும் அறிந்தே எழுதினார்.

அவர் வழியில் வந்த அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் ஹில்மன், மனோதத்துவம் ஆன்மாவை மறந்துவிட்டது என்று வாதாடினார். இளமையில் துறவு மடத்தில் வாழ்ந்து பின்னர் மனநல ஆலோசகரான தாமஸ் மூர், ஆன்மாவைப் பேணுதல் பற்றி 1992-ஆம் ஆண்டு எழுதிய நூல் பல லட்சம் வாசகரைக் கவர்ந்தது. சிகிச்சையைக் குறிக்கும் தெரபி என்ற சொல்லின் கிரேக்க மூலத்துக்குத் தொண்டு என்று பொருள். தெய்வத்துக்குச் செய்யும் பணியையும் அச்சொல்லால் குறித்தார்கள். கோயில் பிராகாரத்தில் முளைத்த புல்லை உழவாரப் படையால் செதுக்கிய அப்பர் சுவாமிகளின் பணியை அறிந்தவர்க்கு இது எளிதில் விளங்கும். புல் மீண்டும் முளைக்கும். பணியும் தொடரும்.

நம் இல்லங்களில்

கோயிலிலிருந்து வீடு திரும்பும் வழியில், காரின் பின் இருக்கையிலிருந்து கேள்வி வருகிறது. யானைத் தலை எப்படி மனித உடம்பில் ஒட்டும்? சூரபத்மன் உண்மையாகவே மயிலாக மாறினானா? களைத்த பெற்றோர், அதெல்லாம் அப்படித்தான், கும்பிட்டால் போதும் என்று சொல்லிவிடுவது எளிது. பால் யுங்காவது தமக்குத் தெரியாது என்று ஒப்புக்கொண்டார்.

சூரபத்மன் கதையையே எடுத்துக்கொள்வோம். கந்தபுராணத்தில் முருகன் அசுரனை இல்லாமல் ஆக்கிவிடவில்லை. பிளவுபட்ட சூரன் ஒரு பாதி மயிலாகி வாகனமானான். மறு பாதி சேவலாகிக் கொடியில் அமர்ந்தான். மனிதன் தனக்குள் இருக்கும் பகையை அழிக்க முயன்றால் அது வேறு வடிவில் திரும்பி வரும், அதை அறிந்து ஏற்று ஆளக் கற்றால் அதன் வலிமை அவனைச் சுமக்கும் என்று யுங் பல நூல்களில் விளக்கிய உண்மை இதுதான். பள்ளியில் கோபத்தால் தவித்துவிட்டு வரும் பிள்ளைக்கு இந்தக் கதை எவ்வளவு பெரிய துணை! அது நடந்ததா என்று கேட்கும் பிள்ளையிடம், அது நமக்குள் எப்படி நடக்கிறது என்று பேசத் தொடங்கலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். யுங் முதலில் மருத்துவர். மனம் தளர்ந்தவரை வீட்டுக்குள் மறைத்துவைத்து, பரிகாரம் மட்டும் செய்து காலம் கடத்துவது அவர் காட்டிய வழி அன்று. அர்ச்சனையும் நடக்கட்டும்; மருத்துவரிடமும் போகட்டும்; வீட்டில் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கதையைக் கேட்கட்டும். நாற்பது ஆண்டுகள் கைகளை அசைத்துக்கொண்டிருந்த அந்த மூதாட்டிக்குக் கிடைக்காதது அதுவே.

தந்தை மறைந்து பல பத்தாண்டுகள் கடந்த பின், முதுமையில் யுங் ஒரு கனவு கண்டார். கனவில் தந்தை பெரிய அறிஞராக இருந்தார். கனமான வேதப்புத்தகம் ஒன்றைத் திறந்து, மகனாலும் உடனிருந்த மருத்துவர்களாலும் தொடர முடியாத வேகத்தில், அவ்வளவு ஆழமாகப் பொருள் சொல்லிக்கொண்டே போனார். உலகமே போற்றிய பேரறிஞரின் உள்ளத்தில், அப்பா பாடம் சொல்வார் என்று காத்திருந்த பிள்ளை அப்போதும் உட்கார்ந்திருந்தான்.

எல்லாக் கேள்விகளுக்கும் எந்தத் தந்தையிடமும் விடை இருக்காது. விடை தெரியாத இடத்தில், வா, இருவரும் சேர்ந்து தேடுவோம் என்று சொன்னாலே போதும். அந்தப் பாடத்தை மட்டும் கடந்து போய்விட வேண்டாம்.